ரெஜினாளின் படகு மேலே போன பன்னிரண்டு நாள்

மேட்ரன் ரெஜினாளின் படகு தண்ணியை விட்டு ஒரு விரல் அளவுக்கு மேலே எழும்பிய புதன்கிழமை காலையில், அவள் முதலில் கவனித்தது டம்ளரில் காப்பி ஆடவில்லை என்பதைத்தான். படகில் குடியேறி இரண்டரை வருஷத்தில் ஆடாத காப்பியை அவள் குடித்ததே இல்லை. கடலுக்கு இன்றைக்குத்தான் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, டம்ளரைக் கழுவி ஊற்றப் போனவள் ஓரமாக எட்டிப் பார்த்தாள். படகின் அடிக்கும் தண்ணிக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. "சரிதான்" என்றாள். முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் அவள். செத்துப்போனதாக எழுதிக்கொடுத்த ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டதைப் பார்த்தவள். ஒரு விரல் வெளிச்சமெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்? ஊறவைத்த துணியைப் பிழியப் போய்விட்டாள்.

முத்தலாங்கரைப் படகுத்துறை ஒரு காலத்தில் உப்பு ஏற்றுகிற இடமாக இருந்தது. பிறகு பணக்காரர்கள் உல்லாசப் படகு நிறுத்துவார்கள் என்று யாரோ நம்பி, வாசலில் வளைவு கட்டி, 'மெரினா' என்று பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தார்கள். பணக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்களெல்லாம் வீட்டு வாடகைக்குப் பயந்தவர்கள், பங்காளிகளோடு சண்டை போட்டவர்கள், கப்பலில் வேலை பார்த்து நிலத்தில் தூக்கம் வராதவர்கள், அப்புறம் ரெஜினாள். பிறந்த வீடு தம்பிமார் பிள்ளைகளால் நிரம்பி வழிய, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை எல்லாம் போட்டு ஒரு முப்பதடிப் படகை வாங்கிக் குடிவந்துவிட்டாள். அந்தப் படகை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது.

படகுகள் நிறைய, கட்டுகிற சுவரோ சின்னது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் நாலு படகுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருப்பார்கள். சுவரை ஒட்டி டீக்கடை செல்லையாவின் படகு, அதை ஒட்டி ரெஜினாள், அவளை ஒட்டி கோமதியும் அவள் புருஷன் சங்கரனும், கடைசியாக எஞ்சின் மெக்கானிக் மச்சாது. கடைசிப் படகுக்காரர் கரைக்குப் போக வேண்டுமானால் மூன்று பேர் வீட்டு முற்றத்தை மிதித்துத்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. இப்படி மிதிக்கிறதுக்கு முத்தலாங்கரையில் ஒரு வழக்கம் இருந்தது, கேளுங்கள். கடக்கிறவர் வெறுங்காலோடு கடக்க வேண்டும். கண்ணை உள்ளே விடக் கூடாது. கை சும்மா இருக்கக் கூடாது. கரைக்குப் போகிறவர் வழியில் உள்ள படகுகளில் வெளியே வைத்திருக்கும் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு போவார். கரையிலிருந்து வருகிறவர் பால் பாக்கெட்டோ தபாலோ தண்ணிக் கேனோ காஸ் சிலிண்டரோ, எது வந்து கிடக்கிறதோ அதைத் தூக்கிவந்து அந்தந்தப் படகில் வைத்துவிட்டுப் போவார். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, யாரும் எழுதி வைத்த சட்டமும் இல்லை. சுவரோரத்துச் செல்லையா தன் குப்பையைத் தானே போட்டுவிடுவார், ஆகவே ரெஜினாள் இந்த இரண்டரை வருஷத்தில் ஒரு நாள்கூடக் குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறதென்று பார்த்ததில்லை. குப்பை தானாகப் போகும், பால் தானாக வரும். அதை எல்லாம் படகு வாழ்க்கையின் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத் திங்கட்கிழமை அவள் படகின் தளத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாள். வார்டு தரை மாதிரி முகம் பார்க்கிற வெள்ளை. சாயங்காலம் மச்சாது வந்தார். அவர் கால் எப்போதும் எஞ்சின் ஆயிலில் ஊறின கால். அவர் உலகத்திலேயே நல்ல மனுஷர் என்பது வேறு விஷயம். அந்த வெள்ளையின் மேல் வலது கால் முழுசாகவும் இடது கால் குதிகால் மட்டுமாகவும் ஏழு கறுப்பு அச்சுக் குத்திவிட்டு, "மேட்ரன், பெயிண்ட் நல்லாருக்கு" என்று வேறு சொன்னார். ரெஜினாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷமாகத் துடைத்த தரையில் நடந்தவர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அந்த ஒரு மனுஷர் தலையில் இறக்கிவைத்தாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, 'யாரும் மிதிக்கக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டாள். சங்கரன் தெர்மோகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு பிளைவுட்டைப் போட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு கரைக்குப் போக ஒரு மிதவை செய்துவிட்டான். மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை படகு ஒரு சாண் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை முழங்கால் உயரம். அடுத்த புதன்கிழமை, மிதவையில் போகிற சங்கரன் தலையைக் குனிந்தால் அடியில் நுழைந்துவிடலாம் என்கிற உயரம். நுழைந்தும்விட்டான், சுற்றிப் போகிற வழியைவிட அது குறுக்கு வழி. முத்தலாங்கரையில் ஒரு படகு மேலே போனதைப் பற்றி யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை, அதனால் யாருக்கு என்ன லாபம் என்றுதான் பார்த்தார்கள். கோமதி முதல் ஆளாக அடியில் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டாள். மழை வந்தால் ஓடி ஓடி எடுக்க வேண்டாம், வெயிலில் சாயம் போகாது, இப்படி ஒரு கூரை யாருக்குக் கிடைக்கும் என்றாள். அடுத்த வரிசைக்காரர்கள் எங்களுக்கும் அந்த நிழலில் பாதி உண்டென்று சண்டைக்கு வந்தார்கள். செவ்வாய், சனி அவர்களுக்கு என்று பேசி முடித்து செல்லையா டீ கொடுத்தார். மச்சாது கீழே நின்று அண்ணாந்து, "மேட்ரன், அடியைச் சுரண்டிக்கிடவா?" என்று மரியாதையாகக் கேட்டார். படகின் அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்ட வேண்டுமானால் கிரேன் வைத்துக் கரையில் ஏற்ற வேண்டும். இப்போது மிதவையில் ஸ்டூல் போட்டால் போதும். ரெஜினாள் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒரு அன்னக்கூடை நிறையச் சிப்பி எடுத்துக் குழம்பு வைக்க, வாசனை மட்டும் மேலே வந்தது.

துறை மேலாளர் பூபாலனுக்குத்தான் பாவம் தூக்கம் போயிற்று. அவருடைய பதிவேட்டில் நீளம், அகலம், தண்ணிக்குள் எத்தனை அடி என்று மூன்று கட்டம்தான் உண்டு. மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார், அடித்தார், 'தற்சமயம் இல்லை' என்று எழுதினார். தண்ணியில் இல்லாத படகு தன் பொறுப்பா, ஆகாயத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பொறுப்பா என்று மேலிடத்துக்குக் கடிதம் போட்டார். மேலிடம் பதில் போடவில்லை. டவுனிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்தார்கள். பிள்ளை வரம் கேட்டு ஒருத்தி, ரெஜினாள் இறங்கி ஏறத் தொங்கவிட்டிருந்த நூலேணியில் மஞ்சள் துணி கட்டினாள். ஒரு கல்லூரி வாத்தியார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தன் வீட்டைவிட இந்தப் படகு சமமாக இருக்கிறதென்று வருத்தப்பட்டார். பங்குச்சாமியாரிடம் இது கடவுள் செய்த புதுமையா பேய்வேலையா என்று கேட்டதற்கு, எழும்பினதில் ஒன்றும் குற்றமில்லை, எதுவரைக்கும் போகப் போகிறது என்று விசாரியுங்கள் என்றார். அதை யாரிடம் விசாரிப்பது?

ரெஜினாளுக்கு முதல் நாலு நாள் சொர்க்கம்தான். தரையில் ஒரு தூசி இல்லை. ஆட்டம் இல்லை, பேச்சு இல்லை, மிதி இல்லை. ஏழு கறுப்பு அச்சையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து அதன் மேல் இன்னொரு கை பெயிண்ட் அடித்து, தளத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாலைக் காற்று வாங்கினாள். ஐந்தாம் நாள் குப்பைப் பை இரண்டாயிற்று. ஏழாம் நாள் நாலாயிற்று. கயிற்றில் கட்டிக் கீழே இறக்கலாம்தான், இறக்கினால் எடுத்துப் போக ஆள் வேண்டுமே? தண்ணிக்கு வாளியை விட்டுக் கிணற்றில் இறைப்பது போல இறைத்தாள். பால் வாங்க நூலேணியில் இறங்கி ஏறி முழங்கால் வலி எடுத்தது. கழிவு உறிஞ்சுகிற குழாய் அவள் உயரத்துக்கு எட்டவில்லை என்று பூபாலன் கைவிரித்துவிட்டார். அந்தச் சங்கடத்தை விவரிக்க வேண்டாம், படகில் இருந்தவர்களுக்குத் தெரியும். காஸ் தீர்ந்து மாற்று சிலிண்டரை எடுத்து மாட்டின அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மச்சாது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பெயிண்டைப் பார்க்காமல் மிதித்தது, அவளுக்கு வந்த இந்தச் சிலிண்டரைத் தன் தோளில் வைத்துக்கொண்டு வந்ததால்தான். இறக்கிவைத்த பிறகுதான் அவர் பெயிண்டையே பார்த்தார். ரெஜினாளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பெரிய மேட்ரன் இத்தனை உயரத்திலிருந்து கீழே பார்த்து மன்னிப்பு எப்படிக் கேட்பாள்? அதைக் கத்தியல்லவா கேட்க வேண்டும்?

தனியாக இருக்கிறது வேறு, யாருமே கடந்து போகாமல் இருக்கிறது வேறு என்று அவளுக்கு உறைத்தபோது படகு இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது.

பத்தாம் நாள் கயிறு தீர்ந்தது. அதுவரைக்கும் படகு ஏற ஏற, இரண்டு பக்கத்துப் படகுகளோடும் அதைக் கட்டின கயிற்றை ஒட்டுப் போட்டு நீட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் கோமதியின் துணிக்கொடி உட்படத் துறையிலிருந்த கயிறு அத்தனையும் முடிந்து, படகு பிடித்து இழுத்ததில் கோமதி வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுப்பிலிருந்த குக்கர் நழுவி விழுந்தது. செல்லையாவின் பாய்லர் சரிந்து நின்றது. கோமதி அழுதுகொண்டே மேலே பார்த்து, "மேட்ரம்மா, நாங்க என்ன செய்ய? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். பூபாலன் தீர்ப்புச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் படகு இறங்காவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டியதுதான், ஒரு படகுக்காக மூன்று படகை முழுக விட முடியாது. அவர் சொன்னதில் தப்பில்லை. அவிழ்த்தால் படகு போய்விடும்; போனால் ரெஜினாள் ஒரு துணிப்பையோடு தம்பி வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு நடுவில் பாய் விரிக்க வேண்டும்.

சனிக்கிழமை துறை முழுக்கச் சேர்ந்து படகுக்குப் பாரம் ஏற்றினார்கள். கல் கிரைண்டர் மூன்று, பழைய பேட்டரி பதினொன்று, தண்ணி நிரப்பின டிரம் ஐந்து, எல்லாவற்றையும் கப்பி போட்டு ஏற்றினார்கள். படகு அசையவில்லை. பங்குச்சாமியார் பாட்டுக்குழுவிலிருந்து பதினாறு பேரை அனுப்பினார். எல்லாரும் நல்ல உடம்புக்காரர்கள், பார்த்துத்தான் பொறுக்கியிருந்தார். ரெஜினாளுக்கு அந்த நேரத்திலும் பாருங்கள், பழக்கம் விடவில்லை. கிரைண்டருக்கும் டிரம்முக்கும் அடியில் சாக்கு விரித்திருந்தாள். பாட்டுக்குழு ஏறுகிறபோது நூலேணி முனையில் நின்றுகொண்டு, ஆப்பரேஷன் தியேட்டரில் காலுக்குப் போடுகிற நீலப் பிளாஸ்டிக் உறையை ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி கொடுத்து, போட்ட பிறகுதான் உள்ளே விட்டாள். அவர்களும் போட்டுக்கொண்டு சரக் சரக்கென்று நடந்து வரிசையாக நின்று மூன்று பாட்டுப் பாடினார்கள். மூன்றாவது பாட்டு முடிகிறபோது படகு இன்னும் ஒரு சாண் மேலே போயிருந்தது. பாட்டு சரியில்லையோ என்று குழுத்தலைவர் சங்கடப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் துறைக்கு வந்தார்கள். ரெஜினாள் துணிப்பையைக் கட்டிவைத்திருந்தாள். கயிற்றைக் கீழிருந்து அவிழ்த்தால் அது சுண்டி யாரையாவது அடிக்கும், மேலேயிருந்துதான் அவிழ்க்க வேண்டும், அந்த முடிச்சுகளைப் போட்டவர் மச்சாது என்பதால் அவரே நூலேணியில் ஏறினார். தலை மட்டும் தளத்துக்கு மேலே தெரிய நின்றுகொண்டு, காலைத் தூக்காமல், அவளைப் பார்த்தார். அவருடைய படகிலிருந்து நேரே வந்திருந்தார்; கால் எப்போதும் போல இருந்தது. உறை ஒன்றும் மிச்சமில்லை.

"ஏறலாமா, மேட்ரன்?"

"ஏறுங்க. இனிமே எதுக்கு அதெல்லாம்" என்றாள் ரெஜினாள்.

மச்சாது வலது காலைத் தளத்தில் ஊன்றினார். இரண்டு பேர் வயிறும் ஒரு கணம் மேலே வந்து போயிற்று. லிஃப்ட் இறங்குகிறபோது வருமே, அது. படகு ஒரு முழம் இறங்கியிருந்தது. கயிறுகள் தொய்ந்தன. கீழே கோமதியின் வீடு நேராகி, உருண்டு கிடந்த குக்கர் மூடி மறுபடி உருண்டது. மச்சாது பயந்துபோய் ஒற்றைக் காலில் நின்றார். ரெஜினாள் அந்தப் புது வெள்ளையின் மேல் விழுந்த கறுப்பு அச்சை, ஐந்து விரலையும், நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"இன்னொரு காலையும் வைங்க" என்றாள்.

வைத்தார். இன்னொரு முழம். பிறகு ரெஜினாள் நிமிர்ந்தாள், நிமிர்ந்தவள் வெளிநோயாளிகள் வரிசையைக் கட்டிமேய்த்த பழைய மேட்ரன். கிரைண்டரும் டிரம்மும் ஓரமாகத் தள்ளப்பட்டன, சாக்குகளைச் சுருட்டி வீசினாள், நூலேணி முனையில் நின்றுகொண்டு ஒவ்வொருவராக வாங்க, இடிக்காதீங்க, காலைக் கழுவாதீங்க என்று குரல் கொடுத்தாள். செல்லையா பால் சிந்தின காலோடு வந்தார், அரை முழம். கோமதி இட்லி மாவுக் காலோடு வந்தாள், அரை முழம். சங்கரன் சேற்றுக் காலோடு வந்து இரண்டு தடவை குதித்தான், குதித்ததற்கு ஒன்றும் கூடுதலாக இறங்கவில்லை. பாட்டுக்குழு பதினாறு பேரும் வெறுங்காலோடு மறுபடி ஏறினார்கள். இந்த முறை பாடவில்லை, பாட வேண்டாமென்று ரெஜினாளே சொல்லிவிட்டாள். தூரத்துப் படகுக்காரர்கள், அவளோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள், பிள்ளை வரம் கேட்ட பெண், ரசமட்ட வாத்தியார், எல்லாரும் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். கடைசியில் ஒரு சாண் பாக்கி இருக்கையில் பூபாலன் வந்தார். "ஷூவைக் கழட்டுங்க சார்" என்றாள். காலுறையையும் கழற்றச் சொன்னாள். அவர் கால் வெள்ளை வெளேரென்று, வெயிலே படாத கால். கூச்சத்தோடு அவர் அதை ஊன்றவும் படகு தொப்பென்று தண்ணியில் உட்கார்ந்து, வரிசையில் இருந்த படகுகள் எல்லாம் எகிறி எகிறி அடங்கின. ரெஜினாள் அப்படியே தளத்தில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், கூச்சமில்லாமல் அழுதாள். பூபாலன் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, மூன்றாவது கட்டத்தில் மூன்றடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காலுறையை மாட்டினார்.

அதற்குப் பிறகும் படகு முழுக்கத் திருந்திவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுக்க யாரும் கடக்காவிட்டால் லேசாக ஒரு விரல் எழும்பும். யாராவது மிதித்தால் இறங்கிவிடும். துறைக்காரர்களுக்கு அது தண்ணி பிடிக்கிற வேலை, பேட்டரி சார்ஜ் போடுகிற வேலை மாதிரி இன்னொரு வேலையாயிற்று. கோமதி மாவு அரைத்த கையோடு, "மேட்ரம்மா வீட்டை ஒரு மிதி மிதிச்சிட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். தளத்தில் வெள்ளை என்று சொல்ல ஓரத்தில் இரண்டு அங்குலம்தான் மிச்சமிருந்தது. மச்சாதிடம் ரெஜினாள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டபோது அவர் ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, மறுபடி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் ஊரில் கடையடைப்பு. பால் வண்டி இல்லை, பஸ் இல்லை, கரைக்குப் போக யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. போதாததற்குக் காலையிலிருந்து மழை. மத்தியானம் மூன்று மணிக்கு ரெஜினாளுக்குக் உள்ளங்காலில் லேசான குறுகுறுப்புத் தெரிந்தது, படகு எழும்புகிறது. யாரையாவது கூப்பிடலாம், இந்த மழையில் எப்படிக் கூப்பிடுவது என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது கோமதியின் படகைத் தாண்டி, தலையில் ஒரு கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு மச்சாது வந்தார். வந்து, வலது காலை வைத்து, இடது காலை வைத்து, கரைப் பக்கம் போகாமல் நடுவில் நின்றார்.

"கரையிலதான் ஒண்ணும் இல்லயே. எங்க போறீங்க இந்த மழையில?" என்றாள்.

"எங்கயும் இல்ல. சும்மா மிதிக்க வந்தேன்."

படகு தண்ணியைத் தொட்டது இரண்டு பேருக்கும் தெரிந்தது. மழை அவர் சாக்கின் மேல் விழுந்து முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரெஜினாளுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் அதற்கெல்லாம் யாரும் பழக்கவில்லை. கதவை விட்டு ஒரு எட்டு உள்ளே தள்ளி நின்றுகொண்டாள்.

"மிதிச்சாச்சுல்லா. நேரமாகுது, போங்க."

"ஆச்சு" என்றார் மச்சாது.

அவர் போகவில்லை. அவளும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.